கயிற்றின் மேல் பழி

பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது ஸ்டார்ட்டர் கயிறுதான். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் புது ஸ்டார்ட்டர் செட்டை எடுத்து வைத்துவிடுகிறார். இன்ஜினை நாலு சுற்று சுற்றிவிடுவதோடு கயிற்றின் வேலை முடிந்தது. பெட்ரோல் பழசாகிக் கிடந்தால் புது செட் போட்டும் மெஷின் முறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

நம்பிக்கை: கயிறு இறுகிப்போனால் ஸ்டார்ட்டர் போச்சு.

உண்மை: செலவு செய்யும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுவிட்சை அணைத்து, பிளக் ஒயரைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுங்கள். லேசாக வந்தால் ஸ்டார்ட்டர் மேல் குற்றமில்லை. சோக்கைப் போட்டபடியே இழுத்து இழுத்து சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கும். இன்னும் சில தடவை இழுத்தால் பிளக் ஓட்டை வழியே அது பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கை எடுத்துவிட்டு இழுங்கள்.

பிளக் இல்லாமலும் இறுக்கமா? திருகுகளைக் கழற்றி ஸ்டார்ட்டர் மூடியைத் தனியே எடுத்து, கையில் வைத்தே இழுத்துப் பாருங்கள். அங்கேயும் சிக்கினால்தான் ஸ்டார்ட்டர் குற்றவாளி. பெரும்பாலும் கயிறு புல்லியை விட்டு நழுவியிருக்கும். அல்லது யாரோ கிடைத்த தடித்த கயிற்றைப் போட்டிருப்பார்கள். மூடியில் புல்லி நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் நடப்பது இதுதான். 50:1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது!

நம்பிக்கை: கயிறு லொடலொடவென்று வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை, கயிறு தேய்ந்துவிட்டது.

உண்மை: இதற்கும் கயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இழுக்கும்போது புல்லியில் உள்ள சின்னக் கொக்கி வெளியே நீண்டு, ஃபிளைவீல் பக்கம் இருக்கும் கிண்ணத்தைப் பிடிக்க வேண்டும். புல்தூசும் பிசுக்கும் சேர்ந்தால் கொக்கி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் போதும். கிரீஸை அப்பினால் அடுத்த வாரத் தூசிக்கு நாமே பாய் விரித்த மாதிரி.

நம்பிக்கை: பலம்கொண்ட மட்டும் கடைசி வரை இழுக்க வேண்டும்.

உண்மை: மெதுவாக இழுத்து, அழுத்தம் தட்டுப்படும் இடத்திலிருந்து ஒரே வெட்டு. முழு நீளமும் வேண்டாம். கைப்பிடியையும் விட்டுவிடாமல் பிடித்தபடியே உள்ளே அனுப்புங்கள்.

நம்பிக்கை: ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மை: கயிறு முழுதும் வெளியே வந்த நிலையிலும் புல்லி குறைந்தது அரைச் சுற்றாவது மேலே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முறுக்கு அதிகம். ஒரு சுற்றைக் குறையுங்கள், இல்லையேல் ஸ்பிரிங் உடையும். புல்லியைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வந்தால் முகத்தில்தான் அடிக்கும்.