மண் சரிந்தால் உலக நிதி நம் லயத்துக்கு வருமா?



"பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து மண்சரிவுக்குக் காசு ஒதுக்கியிருக்காமே, அதுல நமக்கும் உண்டா?" என்று ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

பணக்கார நாடுகளின் ஆலைப் புகையாலும் வாகனப் புகையாலும் காற்று சூடேறுகிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் மாதம் முழுக்கப் பெய்யவேண்டிய மழை இரண்டே நாளில் கொட்டிவிடுகிறது. புகைவிட்டவர் ஒருவர், நனைகிறவர் வேறொருவர். இந்த நியாயத்தைச் சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாத்து 1991இலேயே பேசியது. ஆனால் 'இழப்பும் சேதமும்' நிதி வேண்டுமென்று எகிப்தில் தீர்மானம் வந்தது 2022இல்தான். 2023இல் துபாயில் அதைத் தொடங்கிவைத்தார்கள். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் முதல் விண்ணப்பங்களுக்கு அழைப்பு விட்டார்கள். அந்த முதல் சுற்றுக்கு 25 கோடி டொலர்.

இது நன்கொடை, கடனல்ல. காலநிலையின் பெயரால் ஏழை நாடுகளுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி கடன்தான். வீடு போனவன் கையில் கடன் சீட்டைக் கொடுத்தால் அது உதவியா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் தொகையைப் பாருங்கள். அதே நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலால் நம் நாட்டுக்கு மட்டும் ஏற்பட்ட நேரடிச் சேதம் சுமார் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. இந்த 25 கோடியோ எல்லா ஏழை நாடுகளுக்கும் சேர்த்து! அதிலும் பாதியாவது மிக வறிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் போகவேண்டும். இலங்கை தீவுதான், ஆனாலும் அந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. மீதிப் பாதிக்கு மற்ற நாடுகளோடு போட்டி போடவேண்டும். விண்ணப்பம் அரசாங்கத்தின் வழியாகத்தான் போகும். தோட்டத்திலிருந்து நேரே எழுத முடியாது.

அப்படியென்றால் நமக்கு இதில் என்ன வேலை? மீரியாபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு மேலே மலை சரிந்து லயங்கள் புதைந்தன. ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. லயத்தை விட்டால் நம் சனத்துக்குத் தலைசாய்க்க வேறு இடம் ஏது? எத்தனை பேர் போனார்கள் என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு கணக்கு நாற்பதுக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போயிருந்தார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று காட்டச் சரியான பட்டியல் கையில் இல்லை. தப்பியவர்கள் மாகல்தெனிய ஸ்டோரில் காலம் தள்ளினார்கள். 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

லயக் காம்பரா நம் பெயரில் இல்லை. நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் பொறுப்பில். சுவர் விழுந்தால் அது கம்பனி சொத்து என்று எழுதிவிடுவார்கள். நம் ஆடு, கோழி, மரக்கறித் தோட்டம், பித்தளைச் சாமான், போன பேர் எந்தப் புத்தகத்தில் ஏறும்? உலகப் பேச்சுவார்த்தைகளில் உயிர், கல்லறை, கோயில்கூட இழப்பாக ஏற்கப்படுகிறது. எழுதாத இழப்புக்கு எந்தச் சபையிலும் காசு கேட்க முடியாது.

ஆகவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகளை வேறு ஊர் உறவினரிடம் ஒரு கட்டாகக் கொடுத்து வையுங்கள். போனில் படமும் இருக்கட்டும். சேதம் வந்தால் துப்புரவு செய்யுமுன் படம் எடுத்து, கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்துக்குப் பட்டியல் போகுமுன் உங்கள் பெயரைப் பார்த்துவிடுங்கள். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டாகவே எழுதச் சொல்லுங்கள். மகன் கல்யாணம் முடித்து ஸ்தோப்பை மறைத்துக் குடியிருந்தால் அதுவும் தனிக் குடும்பம்தான். நிலத்தில் வெடிப்போ புது ஊற்றோ கண்டால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள்.