கார்புரேட்டர் சுத்தத்துக்கு நியாயமான கூலி எவ்வளவு?

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எழும் கேள்வி இது. வண்டி காலையில் கிளம்ப மறுக்கிறது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவாகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் கிளீன் பண்ணி டியூன் பண்ணணும்" என்கிறார். ஒருவர் இருநூறு கேட்கிறார், இன்னொருவர் எண்ணூறு கேட்கிறார். ஊரிலிருந்து வந்த மைத்துனர், "நாகர்கோவிலில் இதற்கு இவ்வளவு கிடையாதே!" என்று சொல்லி, நம் சந்தேகத்தை மேலும் கிளப்பிவிட்டுப் போகிறார்.

திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகளாக இருசக்கர வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையிலும், எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவன் என்ற முறையிலும், இந்தக் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலைப் பட்டியல் ஒன்றைக் கொடுப்பது என் நோக்கமன்று. அது அடுத்த ஆண்டே பழசாகிவிடும். கணக்குப் போடும் முறையைத் தெரிந்துகொண்டால், எந்த ஆண்டும், எந்த ஊரிலும், நியாயத்தை நாமே நிறுத்துப் பார்க்கலாம்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் எரிய வேண்டுமானால் அதனுடன் காற்று சரியான அளவில் கலக்க வேண்டும். எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். இந்தக் கலவையைத் தயாரித்துக் கொடுப்பதே கார்புரேட்டர். டாங்கியிலிருந்து வரும் பெட்ரோல் அடியில் உள்ள ஒரு சிறு கிண்ணத்தில் தேங்குகிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதுபோல அதிலும் ஒரு மிதவை இருந்து அளவைக் காக்கிறது. மேலே குறுகலான குழாய் வழியே காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளைகள் வழியே மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலக்கிறது.

வண்டி நின்றபடி ஓடும்போது வேலை செய்வது பைலட் ஜெட். வேகமாக ஓடும்போது மெயின் ஜெட். பைலட் ஜெட்டின் துளை சிறு வண்டிகளில் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. முதலில் அடைபடுவது அதுதான்.

நம் ஊரில் ஏன் அடிக்கடி அடைகிறது?

இந்நகரத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, துலாவர்ஷ மழையும் உண்டு. காற்றில் ஈரம் குறையும் நாட்கள் குறைவு. பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் இப்போது கூடியிருக்கிறது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025-இல் நாடு முழுவதற்குமான சராசரியே அந்த அளவை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. பழைய வண்டிகளின் ரப்பர் வளையங்களுக்கும் அது அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

இதோடு நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. மே மாத விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுகிறோம். வண்டி வாரக்கணக்கில் நிற்கிறது. கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற கசடு தங்குகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், கொட்டும் மழையில், வண்டி கிளம்புவதில்லை.

இதைத் தவிர்க்கக் காசு தேவையில்லை. ஊருக்குப் புறப்படுமுன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருந்தால் மிச்சத்தையும் வடித்துவிடலாம். அப்போது பக்கத்தில் நெருப்பு கூடாது.

முதலில், தேவைதானா?

கார்புரேட்டரைக் கழற்றுமுன் நான்கு பொருள்களைப் பார்க்க வேண்டும்: ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள். பிளக்கின் முனை கருகிப் புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இளம்பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி. ஃபில்டர் தூசியால் அடைந்திருந்தாலும் பிளக் கருக்கும். அப்போது ஃபில்டரைச் சுத்தம் செய்தாலே போதும்.

வண்டி எந்த ஆண்டினது என்பதும் முக்கியம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்பனையான இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலை மின்னணுக் கருவி பீய்ச்சுகிறது. சில 100, 125 சி.சி. வண்டிகளில் மட்டும் மின்னணு உதவியுடன் இயங்கும் கார்புரேட்டர் உண்டு. ஆகவே புதிய வண்டிக்கான பில்லில் "கார்புரேட்டர் கிளீனிங்" என்று கண்டால், எதைக் கழற்றினீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

வேலையின் நேரக் கணக்கு

சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு, அவசரப்படாமல் ஒழுங்காகச் செய்தால் ஆகும் நேரத்தை நான் இப்படி மதிப்பிடுகிறேன்:

1. குறையைக் கேட்டு, பிளக், ஃபில்டர் முதலியவற்றைப் பார்த்தல் – 15 நிமிடம்.
2. கார்புரேட்டரை வண்டியிலிருந்து கழற்றுதல் – 15 நிமிடம்.
3. ஜெட்டுகளையும் மிதவையையும் பிரித்தெடுத்து, சுத்தம் செய்யும் திரவம் தெளித்து, கம்ப்ரசர் காற்றால் ஒவ்வொரு துளையையும் ஊதுதல் – 25 நிமிடம்.
4. மீண்டும் பூட்டுதல் – 15 நிமிடம்.
5. இன்ஜினைச் சூடாக்கி டியூன் செய்து, ஓட்டிப் பார்த்தல் – 20 நிமிடம்.

ஆக மொத்தம் 90 நிமிடம். இதில் பலரும் குறைத்துவிடுவது முதலாவதையும் ஐந்தாவதையும். உண்மையில் மெக்கானிக்கின் அறிவு இருப்பது அந்த இரண்டிலும்தான்.

ஐட்லிங் வேகத்தை மாற்றும் திருகு ஒன்று, கலவையை மாற்றும் திருகு ஒன்று. கலவைத் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளக்கிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இந்த வேறுபாடு தெரிந்தவர் இன்ஜின் சூடான பிறகே திருகைத் தொடுவார். ஓசை சீராக உயரும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஐட்லிங்கைக் குறைத்து, மீண்டும் ஒரு முறை சரிபார்ப்பார். இதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கம்பியை விட்டு ஜெட்டைக் குத்துகிறவரிடம் எச்சரிக்கை தேவை. பித்தளைத் துளை சிறிது பெருத்துவிட்டாலும் அந்த ஜெட்டின் அளவு போய்விட்டது. அதன்பின் எவ்வளவு டியூன் செய்தாலும் பெட்ரோல் கூடுதலாகவே போகும். அந்த நூறு ரூபாய் வேலைக்கு மாதாமாதம் பெட்ரோல் பங்க்கில் நாம் வட்டி கட்டுவோம்.

மணிக்கு எவ்வளவு?

இனி மைத்துனரின் கேள்விக்கு வருவோம். ரிசர்வ் வங்கி வெளியிடும் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2021-22-இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளி ஒருவரின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 837.7 ரூபாய், தமிழ்நாட்டில் 478.6 ரூபாய், இந்தியச் சராசரி 373.3 ரூபாய். எல்லைக்கு இப்பால் உழைப்பின் விலை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. ஊரைவிட்டு நம்மில் பலர் இங்கு வந்ததற்கே இதுவும் ஒரு காரணம். நாம் வாங்கும்போது இனிக்கிற அந்த வேறுபாடு, நாம் கொடுக்கும்போது மட்டும் கசக்கலாமா?

கைத்தொழில் தெரிந்த ஒரு மெக்கானிக் இன்று இந்நகரில் நாளொன்றுக்கு 1,200 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடை வாடகை, மின்சாரம், கம்ப்ரசர், ஸ்பேனர் தேய்மானம், உதவிப் பையனுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு ஆகியவற்றுக்கு 600 ரூபாய். மொத்தம் 1,800. எட்டு மணி நேரம் கடை திறந்திருந்தாலும், பார்ட்ஸ் வாங்க ஓடுவதும், பேரம் பேசுவதும், மழையில் சும்மா இருப்பதும் போக, கூலி கிடைக்கும் நேரம் ஆறு மணி. ஆகவே மணிக்கு 300 ரூபாய். நம் 90 நிமிட வேலைக்குக் கூலி 450 ரூபாய்.

இதே கணக்கில் வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகையை மட்டும் தமிழ்நாட்டுச் சராசரிக்கு ஏற்பக் குறைத்தால், கூலி சுமார் 320 ரூபாய் வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள 130 ரூபாய் ஏமாற்று அன்று; வாழ்க்கைச் செலவின் வேறுபாடு.

கூலியுடன் சுத்தம் செய்யும் திரவத்தில் ஒரு பங்கும், காஸ்கெட் அல்லது ஓ-ரிங் விலையும் சேர்த்தால், என் கணக்கில் 500 முதல் 600 ரூபாய் வரை நியாயம். டியூனிங் மட்டும் என்றால் 100 முதல் 150 போதும். ஸ்கூட்டருக்கு மேல்மூடிகளைக் கழற்ற அரை மணிக்கு மேல் ஆகும். அதற்கு 150 ரூபாயாவது கூடும். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பெரிய சர்வீஸ் நிலையங்களில் மணிக்கூலியே அதிகம். அதோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. 450 ரூபாய்க் கூலி அப்போது 531 ஆகும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள சிறு கடைகள் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது.

இந்த எண்களை வாசகர்கள் தத்தம் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 200 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்றால், வெளியே ஸ்பிரே அடித்துத் துடைப்பதற்குத்தான் அது காணும். 1,000 கேட்டால் வேறென்ன வேலை சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ஊசியோ டயஃப்ரமோ மாற்றியிருந்தால் அதுவும் நியாயமாகவே இருக்கலாம்.

பார்ப்பதற்கும் கூலியா?

கேரளத்தில் "நோக்குகூலி" என்ற சொல்லைக் கேட்காதவர் இல்லை. வேலை செய்யாமல், வேறொருவர் சுமை இறக்குவதை நோக்கி நின்றதற்குக் கேட்கும் கூலி அது. 2018 மே 1 முதல் மாநில அரசு அதை ஒழித்தது. 2021-இல் கேரள உயர்நீதிமன்றமும் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

மெக்கானிக் வண்டியைப் பார்த்துக் குறையைச் சொல்வதற்குக் கேட்கும் தொகையையும் இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது சரியன்று. வைத்தியர் நாடி பார்ப்பதும் பார்ப்பதுதானே? பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கார்புரேட்டருக்கு ஒன்றுமில்லை, பிளக்கை மாற்றினால் போதும்" என்று சொல்கிறவர் நமக்கு 500 ரூபாய் மிச்சப்படுத்துகிறார். அவருக்கு 75 ரூபாய் கொடுக்க மனம் வராவிட்டால், அடுத்த முறை அவர் ஏன் அந்த உண்மையைச் சொல்ல வேண்டும்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். உழைப்புக்கான கூலியை நாம் அடித்துக் குறைத்தால் அது மறைந்துவிடுவதில்லை. தேவையில்லாத உதிரிபாகமாக உருமாறிப் பில்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொருளுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டு, கைவேலைக்கு மட்டும் பேரம் பேசுவது நம்மிடையே உள்ள வழக்கம். நேர்மையான மெக்கானிக்கையும் பார்ட்ஸ் விற்பவராக மாற்றுவது அந்த வழக்கமே.

கேட்க வேண்டியவை

கூலியை மனமுவந்து கொடுக்கிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. மலையாளம் சரளமாக வராததால் நம்மில் பலர், முக்கியமாகப் புதிதாக வந்தவர்களும் வீட்டுப் பெண்களும், கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாக்கியங்கள் போதும்.

வேலை தொடங்குமுன்: "பணிக்கூலி எத்ர, பார்ட்ஸின் எத்ர?"
வேலை முடிந்தபின்: "பழைய பார்ட்ஸ் திரிச்சு தரணம்."

முதலாவது கூலியையும் பொருள் விலையையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. இரண்டாவது, மாற்றிய பாகத்தைக் கையில் கொண்டுவருகிறது. சிரித்த முகத்தோடு கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டியூனிங் சரியா என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. புகைப் பரிசோதனைச் சீட்டில் கார்பன் மோனாக்சைடு அளவு அச்சிடப்பட்டிருக்கும். 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான இருசக்கர வண்டிகளுக்கு உச்ச வரம்பு 3.5 விழுக்காடு, பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு விதிகள் இன்னும் கடுமை. சான்றிதழ் புதுப்பிக்கும் காலத்தை ஒட்டி டியூன் செய்து, பழைய சீட்டையும் புதிய சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் கொடுத்த கூலி வீண்போகவில்லை.

பில் கேட்டு வாங்குங்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகச் செயலே. குறை இருந்தால் முதலில் அவரிடமே வண்டியைக் கொண்டுபோங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சாலை, கரமனை, கிள்ளிப்பாலம் பக்கங்களில் உங்கள் வண்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் அந்த மனிதரும், நம்மைப் போலவே மாதக் கடைசியில் பள்ளிக் கட்டணத்துக்குக் கணக்குப் போடுகிறவர்தான். அவருடைய 90 நிமிடத்துக்கு உரியதை அவருக்குக் கொடுப்போம். செய்யாத வேலைக்கும் மாற்றாத பாகத்துக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.