கல்யாண சிடியைக் காப்பாற்றுவது எப்படி?



உங்க வீட்டு பீரோவுல தேடிப் பாருங்க. 'மாமா கல்யாணம் – பாகம் 2', 'அக்கா காதுகுத்து' என்று மார்க்கர் பேனாவால் எழுதிய சிடிகள் கட்டாயம் இருக்கும். பிளேயர் ரிப்பேராகிப் பல வருஷம் ஆகியிருக்கும். 'அதான் பத்திரமா இருக்குல்ல' என்று வீட்டில் சொல்வார்கள். பீரோவில் இருப்பது வேறு, பத்திரமாக இருப்பது வேறு. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எடிட் பண்ணி, புது டிவிடியாக ரைட் பண்ணுவது எப்படி என்று நான் பழகிய முறையில் சொல்கிறேன்.

1. சிடி, டிவிடி என்ன வித்தியாசம்?

சிடி விற்பனைக்கு வந்தது 1982. அதில் படம் பதியும் விசிடி முறை வந்தது 1993. டிவிடி வந்தது 1996. மூன்றுக்கும் அளவு ஒன்றுதான்: 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. கனம்.

சிடி: 700 எம்பி கொள்ளும். விசிடியாகப் போட்டால் சுமார் 80 நிமிஷப் படம். படத்தின் அளவு 352 x 288 புள்ளிகள்.

டிவிடி: 4.7 ஜிபி கொள்ளும். நல்ல தரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். படத்தின் அளவு 720 x 576 புள்ளிகள்.

ஒரு கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் மூணு சிடி கொடுத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? மூணு மணி நேரப் படம் ஒரே சிடியில் அடங்காது.

கடையில் வாங்கிய சினிமா சிடியில் குழிகள் அச்சிலேயே அழுத்தப்பட்டிருக்கும். ஸ்டுடியோவில் ரைட் பண்ணிக் கொடுத்த சிடி அப்படி இல்லை. அதற்குள் ஒரு மெல்லிய சாயப் படலம் இருக்கிறது. லேசர் கதிர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. வெயிலும் சூடும் ஈரமும் பட்டால் அந்தச் சாயம் கெடும். நம்ம கல்யாண சிடி எல்லாமே இந்த வகைதான். அதனால்தான் அவசரம்.

2. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டிவிடி படத்தில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தில் 720 x 576 புள்ளி, ஒரு புள்ளிக்கு 3 பைட். பெருக்கினால் ஒரு படம் சுமார் 1.24 எம்பி. 25 படத்துக்கு 31 எம்பி. இப்படியே பதிந்தால் 4.7 ஜிபி டிவிடி இரண்டரை நிமிஷத்தில் நிரம்பிவிடும்! மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வருவதற்குள் டிவிடி தீர்ந்துவிடும்.

இதற்காகத்தான் சுருக்கும் முறை வந்தது. விசிடியில் எம்பெக்-1, டிவிடியில் எம்பெக்-2. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்வதுதான் இதன் முக்கியமான தந்திரம். பின்னால் இருக்கும் பந்தல் அசையாது. அசைவது ஐயர் கை மட்டும்தான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சுருக்கும்போது கொஞ்சம் விவரம் போய்விடும். எடிட் பண்ணிச் சேமித்ததையே எடுத்து மறுபடி எடிட் பண்ணிச் சேமித்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே எப்போதும் அசல் ஃபைலில் இருந்தே தொடங்க வேண்டும்.

3. சிடியில் இருந்து கம்ப்யூட்டருக்கு

(அ) சிடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவில் இருந்து வெளிப்பக்கம் நேராகத் துடைக்கணும். சிடியில் தடம் சுருளாகச் சுற்றி ஓடுகிறது. குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் ஓரளவு சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறலைச் சமாளிக்காது.

(ஆ) பளபளப்பான பக்கம்தான் முக்கியம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சிடியில் எழுத்து இருக்கும் பக்கம்தான் ஆபத்து. பதிவு அந்தப் பக்கத்து மேல்பூச்சுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் பதிவே உரிந்துவிடும். டிவிடியில் பதிவு நடுவில், இரண்டு தகடுகளுக்கு இடையே இருக்கிறது.

(இ) இப்போதைய லேப்டாப்பில் பெரும்பாலும் சிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பி ஒயரில் மாட்டும் வெளி டிரைவ் கிடைக்கிறது. யாராவது ஒருவர் வாங்கினால் தெருவே பயன்படுத்தலாம்.

(ஈ) விசிடியைத் திறந்தால் 'எம்பெக் ஏவி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள பெரிய 'டேட்' ஃபைல்தான் படம். டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டர், அதில் 'விஓபி' ஃபைல்கள். அப்படியே ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, 'அசல்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்துவிடுங்கள். அதை அப்புறம் தொடவே கூடாது.

(உ) பாதியில் படிக்காமல் நின்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது உண்டு. பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வைத்தியம் வேண்டாம். இருப்பது ஒரே பிரதி.

4. எடிட்டிங்: எதை வெட்டுவது, எதை வைப்பது

2000களில் விண்டோஸோடு சேர்ந்தே வந்த மூவி மேக்கரில்தான் பலரும் எடிட்டிங் பழகினார்கள். 2017 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஷாட்கட், ஓபன்ஷாட், கேடென்லைவ் ஆகியவை காசில்லாமல் கிடைக்கின்றன. மூன்றுமே லினக்ஸிலும் ஓடும்.

எல்லாவற்றிலும் கீழே டைம்லைன் என்று ஒரு பட்டை இருக்கும். படம் ஒரு வரிசை, சத்தம் ஒரு வரிசை. வேண்டாத இடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வெட்டி நடுத்துண்டை நீக்கினால் முடிந்தது. தமிழில் தலைப்புப் போடணும்னா யுனிகோடு எழுத்துரு எடுங்கள். 'டேட்' ஃபைலை சாப்ட்வேர் ஏற்காவிட்டால் விஎல்சி பிளேயரில் உள்ள கன்வெர்ட் வசதியால் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்க அத்தை கல்யாணம் 2004-ல் நடந்தது. மூணு விசிடி. எங்க தாத்தா 2006-ல் இறந்துட்டாங்க. நான் பிறந்தது அதற்கப்புறம். தறியில் பட்டு நெய்தவர். போட்டோ இருக்கு, அசைந்து நடக்கும் தாத்தாவை அந்த சிடியில்தான் பார்க்க முடியும். உட்கார்ந்து கணக்கெடுத்தேன். மூணு சிடியிலும் சேர்த்துத் தாத்தா வருவது 11 நிமிஷம். ஆனால் குரல் கேட்பது 40 விநாடி மட்டும்தான்.

ஏன் தெரியுமா? அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் மண்டபச் சத்தத்தை எடுத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டுப் போடுவதுதான் வழக்கம். எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள், ஸ்டுடியோவும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தது. தாத்தா வாய் அசைகிறது. கேட்பது சினிமாப் பாட்டு. ஆட்களைத் தேடிப் பிடித்துக் கும்பிடுகிறார்; அங்கேயும் பாட்டு. பந்தி நடக்கும் இடத்தில் மட்டும் பாட்டுப் போட விட்டுப்போச்சு. அங்கேதான், "ஏம்ப்பா, எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று தாத்தா சத்தம் போட்டுச் சொல்வது கேட்கிறது. எங்க ஆயா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாங்க.

பாட்டை எடுத்துவிட்டுப் பழைய சத்தத்தைக் கொண்டுவர முடியாதா என்று கேட்பீர்கள். ஸ்டுடியோ மண்டபச் சத்தத்தையே நீக்கிவிட்டுப் பாட்டை வைத்திருந்தால், இல்லாத குரலை எந்த சாப்ட்வேரும் தராது. படம் பிடித்த கேசட்டில் அது இருந்திருக்கும். ஆனால் அந்தக் கேசட்டிலேயே வேறு கல்யாணம் பதிவாகிவிட்டது.

ஆகவே நீங்க எடிட் பண்ணும்போது பின்னணிப் பாட்டு வேணும்னா தனி வரிசையில், சத்தத்தைக் குறைத்து வையுங்கள். அசல் சத்தத்தை அழிக்காதீர்கள். பேச்சு வரும் இடத்தில் பாட்டே வேண்டாம். கேமராவுக்குத் தெரியாமல் பேசுவதுதான் பின்னாளில் நமக்குப் பொக்கிஷம்.

5. நம்ம ஊர்ச் செய்தி ஒன்று

உடையார்பாளையம் ஜமீன் சமஸ்தானத்தில் கனம் கிருஷ்ணையர் என்ற பெரிய சங்கீத வித்துவான் இருந்தார். உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையருக்கு அவர்தான் குரு. 'கனம்' என்ற பட்டமே அவர் பாடிய கனமான முறையால் வந்தது. அவருடைய பதங்கள் இன்றும் இருக்கின்றன. எழுதியும் பாடியும் காப்பாற்றினார்கள். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று யாருக்கும் கேட்க வழியில்லை. எடிசன் ஒலிப்பதிவுக் கருவி செய்தது 1877-ல். கிருஷ்ணையர் அதற்கு முந்தியவர்.

அந்தக் காலத்தில் ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்து எழுதுவார்கள். அப்படி எழுதி எழுதி வந்ததைத்தான் உ.வே.சா. தேடி எடுத்துப் பதிப்பித்தார். சிடியும் ஒரு சுவடிதான். படிக்க முடிகிற காலத்திலேயே பெயர்த்துவிடணும்.

6. டிவிடி ரைட் பண்ணும் முறை

எடிட் முடிந்ததும் இரண்டு விதமாகச் சேமியுங்கள். செல்போனுக்கு எம்பி4. டிவிடிக்கு எம்பெக்-2, 720 x 576, விநாடிக்கு 25 படம்.

எம்பி4 ஃபைலை அப்படியே டிவிடியில் போட்டால் அது 'டேட்டா டிஸ்க்'. கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டிலுள்ள பழைய பிளேயரில் ஓடாமல் போகலாம். பிளேயரில் ஓடணும்னா 'வீடியோ டிவிடி'யாகத் தயாரிக்கணும். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச சாப்ட்வேர் அதைச் செய்யும். 'முகூர்த்தம்', 'பந்தி' என்று மெனுவும் வைக்கலாம்.

ரைட் பண்ணும்போது:

• அதிக வேகம் வேண்டாம். 16 மடங்கு வேகம் போகும் டிஸ்க்கிலும் 8 மடங்கு வைத்தால் போதும். 8 முதல் 10 நிமிஷத்தில் முடிந்துவிடும்.
• 'ஃபைனலைஸ்' கொடுக்கணும். இல்லாவிட்டால் மற்ற பிளேயரில் ஓடாது.
• 'வெரிஃபை' கொடுக்கணும். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும்.
• மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சிடி மார்க்கரால், முடிந்தால் நடு வளையத்தில் எழுதுங்கள்.
• உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

செல்போன் இருக்கும்போது டிவிடி எதுக்கு என்று கேட்கலாம். செல்போன் தொலையும், நிரம்பினால் அழிப்போம். ஒரு முறை மட்டுமே எழுதும் டிவிடியில் கை தவறி அழிக்க முடியாது. ஆனால் டிவிடியை மட்டும் நம்பவும் கூடாது. மூணு நகல் வையுங்கள்: ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று டிவிடியில், ஒன்று வெளியூர் சொந்தக்காரர் வீட்டில்.

உங்களுக்குத் தெரியுமா?

சிடி ரைட் பண்ணப் புகழ்பெற்ற சாப்ட்வேர் 'நீரோ பர்னிங் ராம்'. ரோம் நகரம் எரிந்தபோது ஆண்ட நீரோ மன்னன் பெயரை வைத்து வந்த சிலேடை இது. அதன் சின்னத்தில் எரிவது கொலோசியம். ஆனால் நீரோ கி.பி. 68-ல் இறந்த பிறகுதான் கொலோசியமே கட்டப்பட்டது!

இந்த வாரம் செய்யுங்கள்

வீட்டிலுள்ள சிடிகளை எண்ணிப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள். யார் யார் குரல் எந்த இடத்தில் கேட்கிறது என்று பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல அவர்களால்தான் முடியும்.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேப் பக்கம் வாங்க. சிடியை உறையோடு கொண்டு வாங்க.



– கணினி அறிவியல் பிரிவு மாணவன், பன்னிரண்டாம் வகுப்பு