சொன்ன விலையும் கைமாறிய விலையும்

டொமைன் வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். ‘அந்த டாட் இன் பெயர் இத்தனை லட்சத்துக்குப் போனதாம்’ என்று காதில் விழுந்ததும், அதே சாயலில் பத்து இருபது பெயர்களைப் பதிவு செய்துவிட்டு ஆள் வருவான் என்று காத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்புக் கட்டணத்தில் சம்பளப் பணம் கரைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

1. சந்தைத் தளத்தில் ஒரு பெயருக்கு எதிரே ஐம்பது லட்சம் என்று போட்டிருந்தால் அது விற்பவரின் ஆசை, அவ்வளவுதான். இலவச மதிப்பீட்டுக் கருவி காட்டும் தொகையை நம்பி யாரும் பணம் எடுத்து வைப்பதில்லை. இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. விற்றுவிட்டது என்று செய்தி வந்தால், நிலம் வாங்குபவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல, முதலில் டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸைப் பாருங்கள். நிஜமாகக் கைமாறிய பெயரில் ஏதாவது ஒன்று நகர்ந்திருக்கும்: ரெஜிஸ்ட்ரார், நேம்சர்வர், உரிமையாளரின் நிறுவனப் பெயர், மாநிலம். டாட் இன்னில் தனிநபர் விவரம் மறைந்திருந்தாலும் நிறுவனமும் மாநிலமும் பெரும்பாலும் தெரியும். ‘கடைசியாக மாற்றிய தேதி’யை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரு ஆண்டுக்குப் புதுப்பித்தாலே அது மாறிவிடும். பதிவான தேதி அப்படியல்ல, எத்தனை கை மாறினாலும் நிலைத்திருக்கும். டாட் இன்னை 2005 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அப்போதிருந்து ஒருவர் வைத்திருந்து விற்றதாகச் சொல்லும் பெயருக்குப் போன மாதத் தேதி காட்டினால், அது காலாவதியாகி விழுந்து வேறொருவர் புதிதாக எடுத்த பெயர். மாதங்கள் கழிந்தும் ‘விற்பனைக்கு’ பலகையே தொங்கினால் சந்தேகப்படுங்கள். ஆனால் தவணையில் வாங்கியிருந்தால் கடைசித் தவணை வரை பெயர் பழைய இடத்திலேயே நிற்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.

3. என்ன விற்றது என்று கேளுங்கள். 2010-இல் கார்இன்ஷூரன்ஸ் டாட் காம் 4.97 கோடி டாலருக்குப் போனதை எல்லாப் பட்டியலிலும் காண்பீர்கள். குவின்ஸ்ட்ரீட் நிறுவனம் அதில் வாங்கியது, வருமானத்தோடு ஓடிக்கொண்டிருந்த தொழிலையும் சேர்த்து. வெறும் பெயருக்கு விலை பேசும்போது அதை எடுத்துக் காட்டினால் விவரம் தெரிந்த வாங்குபவர் எழுந்து போய்விடுவார். 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்றது வேறு வகை. விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம், தொகையைத் தானே அறிவித்தது. அந்த மாதிரி ஆதாரம்தான் எனக்கு வேண்டும். நம் நாட்டில் வாங்கியது ஒரு நிறுவனம் என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அதன் ஆண்டுக் கணக்கை எடுத்து, தொட்டுணர முடியாத சொத்துகள் என்ற வரியைப் பாருங்கள். கணக்கு வெளிவர நாளாகும். ஆகட்டும், செய்தி எங்கும் ஓடிவிடாது.

4. டாலரா ரூபாயா, ரொக்கமா தவணையா? லாஸ்வேகாஸ் டாட் காம் விற்ற விலையாகச் சொல்லப்படும் 9 கோடி டாலர், பல பத்தாண்டுகளுக்கு நீளும் தவணைகளைக் கூட்டி வந்த தொகை.

5. ஒப்பிடும்போது டாட் இன்னை டாட் இன்னோடு, அண்மை ஆண்டுகளோடு, நீங்களே சரிபார்த்த விற்பனையோடு ஒப்பிடுங்கள். டாட் காம் விலையில் இத்தனை பங்கு என்று வாய்ப்பாடு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. உங்கள் டொமைனில் உள்ள சொல்லைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டு, கோ டாட் இன்னிலோ வால் சொல் ஒட்டியோ காலம் தள்ளும் நிறுவனங்கள் எத்தனை என்று தேடுங்கள். அவர்கள்தான் உங்கள் வாங்குபவர்கள். அவர்களில் பணம் உள்ளவர் எத்தனை என்பதே விலை. இன்னொன்று, எழுத்துக்கூட்டல். லட்சுமி என்பதை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறோம். போனில் ஒருமுறை சொன்னதும் மறுமுனையில் இருப்பவர் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய முடியாத பெயருக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

6. பிறர் பிராண்டைத் தொடவே வேண்டாம். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. சென்னையைச் சேர்ந்த அந்த நிறுவனம் பயன்படுத்திய சிஃபி என்ற பெயரை ஒட்டி எழுந்த வழக்கு அது. டாட் இன் தகராறுகளுக்கு, அந்தப் பதிவேட்டை நடத்தும் நிக்சி நடுவரை நியமிக்கிறது. கெட்ட எண்ணத்தோடு பதிந்தது என்று அவர் கண்டால் பெயரை எதிராளிக்கே மாற்றிக் கொடுக்கச் சொல்வார். அப்படிப்பட்ட பெயரின் மதிப்பு பூஜ்யம்.

7. பெரிய தொகை என்றால், பெயர் கைமாறும்வரை பணத்தை மூன்றாமவர் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ. எவ்வளவு பழகியவராக இருந்தாலும், பணம் அங்கே சேர்ந்தது உறுதியாகும்முன் மாற்றக் குறியீட்டைக் கொடுக்காதீர்கள்.

8. நாளைக்கு நீங்களும் நல்ல விலைக்கு விற்பீர்கள். வாங்கியவர் ரகசியம் கேட்டிருந்தால் ‘ஏழு இலக்கம்’ என்று சாடையாகக்கூடச் சொல்லவேண்டாம். கேட்காவிட்டால் எஸ்க்ரோ ரசீதில் உள்ள தொகையை அப்படியே சொல்லுங்கள். எந்த நாணயம், கமிஷன் கழிக்கும்முன்பா பின்பா, தளத்தோடு விற்றீர்களா வெறும் பெயரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் அந்த விலையைப் பார்த்துத்தான் பணம் போடுவார்கள்.