கரி படிந்த இளமைக்காலம்

நுழையும்முன்

இளமைக்கால நினைவு என்றதும் பள்ளியும் விளையாட்டும் நம் கண்முன் வருகின்றன. ஸ்காட்லாந்தின் சுரங்கச் சிற்றூர்களில் வளர்ந்தோரின் நினைவுகளில் இவற்றோடு மற்றொன்றும் தவறாமல் இடம்பெறும். எந்த வயதில் மண்ணுக்குள் இறங்கினோம் என்பதே அது. அச்சிறுவர்களின் நினைவுகள் வெறும் பழங்கதைகளாக நின்றுவிடவில்லை. அவற்றுள் சில சட்டமன்றத்தின் வாயிலையே தட்டின.

சுரங்கம் ஈன்ற ஊர்கள்

மேற்கே ஏர்ஷயர் தொடங்கி, லானார்க்ஷயர் வழியாக, கிழக்கே ஃபைஃப், லோதியன் பகுதிகள்வரை ஸ்காட்லாந்தின் நிலக்கரிப் படுகைகள் பரவிக் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றின்மீது பல சிற்றூர்கள் எழுந்தன. உழவை நம்பியோ ஆற்றங்கரையை நாடியோ மக்கள் கூடி அமைத்த ஊர்கள் அல்ல அவை. சுரங்கவாய் எங்குத் திறந்ததோ அங்கு ஊர் தோன்றியது. கரி தீர்ந்தபோது ஊரும் தேய்ந்தது.

வீடுகளுக்கு ‘வரிசைகள்’ என்றே பெயர். ஒன்றன் சுவரை மற்றொன்று பகிர்ந்துகொண்டு நீளும் அவ்வீடுகளில் பெரும்பாலானவை ஓரறை அல்லது ஈரறை கொண்டவை. சுவருக்குள் குடைந்த மாடம் போன்ற இடத்தில் கட்டில் இருக்கும். பெற்றோரும் பிள்ளைகளுமாக எட்டுப் பேரோ பத்துப் பேரோ அந்த இடத்துக்குள் உண்டு உறங்கினர். தண்ணீருக்குத் தெருக்குழாய், கழிப்பறை பல குடும்பங்களுக்கும் பொது. இந்த நெருக்கடியை விடவும் கொடியது ஒன்று உண்டு. வீடு சுரங்க முதலாளிக்கு உரியது. தந்தை வேலையிழந்தால் வீட்டையும் இழக்க வேண்டும். தந்தை உயிரிழந்தாலும் அதே நிலைதான்.

எனினும் குழந்தைகள் எங்கும் குழந்தைகளே. சுரங்கத்திலிருந்து வெளியேற்றிய கல்லும் கழிவும் ஊரோரத்தில் குன்றுபோல் குவிந்திருக்கும். அதனை ‘பிங்’ என்பர். பெரியவர்களுக்கு அது குப்பை, சிறுவர்களுக்கோ மலை. பழைய தகரத்தின்மீது அமர்ந்து அதன் சரிவில் வழுக்கி வருவது அவர்களின் திருவிழா. வேலைநிறுத்தக் காலத்தில் அதே குன்றைக் கிளறி, கழிவோடு கலந்து கிடக்கும் கரித்துண்டுகளைப் பொறுக்கி, அடுப்புக்குக் கொண்டுவருவதும் அவர்களே. விளையாட்டிடமும் வேலையிடமும் ஒன்றாகவே இருந்தன.

மாலையில் தந்தை திரும்பும் காட்சி பலருடைய நினைவிலும் அழியாமல் இருக்கிறது. முகம் முழுவதும் கரி. கண்களும் பற்களும் மட்டும் வெண்மை. அடுப்பின்முன் தகரத் தொட்டியை வைத்து வெந்நீர் ஊற்றுவார் தாய். முதுகை அடிக்கடி கழுவினால் அதன் வலு குறையும் என்று நம்பிய தொழிலாளர்களும் இருந்தனர். சுரங்கவாயில் குளியலறைகள் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை வீட்டின் ஒரே அறையே குளியலறை. வெந்நீர் சுமப்பது தாயும் மகள்களும்.

பிறப்பிலேயே பிணைப்பு

இச்சிற்றூர்களின் வரலாற்றில் மறக்க இயலாத ஒரு செய்தி உண்டு. 1606ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், நிலக்கரித் தொழிலாளர்களை முதலாளியின் ஒப்புதலின்றி வேறிடம் செல்லாதவாறு கட்டிப்போட்டது. காலப்போக்கில் அப்பிணைப்பு பிள்ளைகளையும் பற்றியது. குழந்தைக்குப் பெயர்சூட்டும் நாளில் முதலாளி பெற்றோருக்குச் சிறு தொகை அளிப்பார். அதனைப் பெற்றுக்கொண்டால், அக்குழந்தை வளர்ந்து அதே சுரங்கத்தில் உழைக்கும் என்பது பொருள். நாம் தொட்டிலில் இடும் காசு வாழ்த்து. அங்கே இட்ட காசு விலை. 1775இல் தளரத் தொடங்கிய இக்கட்டு, 1799ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முற்றிலும் அறுந்தது.

சட்டம் அறுத்ததை வறுமை மீண்டும் கட்டியது. 1840ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு, சிறுவர் உழைப்பை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. ஆணையத்தார் சுரங்க ஊர்களுக்கே சென்று, சிறுவர் சிறுமியரை நேரில் வினவி, அவர்கள் கூறியதை எழுதிக்கொண்டனர். எடின்பரோவுக்கு அருகிலுள்ள லோன்ஹெட் ஊரின் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, விடியுமுன் இரண்டு மணிக்கே தந்தை தன்னைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்வதாகவும், பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோதான் மேலே வருவதாகவும் கூறினாள். கூடை நிறையக் கரியை முதுகில் ஏற்றி, குனிந்து நடந்து, ஏணிகளில் ஏறுவது அவளைப் போன்ற சிறுமியரின் வேலை. பல வேளைகளில் ஒரு கூடையின் எடை ஏறத்தாழ 50 கிலோ இருந்தது.

அச்சிறுமி யாரையும் குற்றம் சாட்டவில்லை. தன் அன்றாடத்தை மட்டுமே சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது. ஆணையத்தின் அறிக்கை 1842இல் வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் பெண்களும், பத்து வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகளும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. பத்து வயது நிரம்பிய சிறுவனுக்கோ அச்சட்டம் துணை நிற்கவில்லை.

தெரியுமா?

லானார்க்ஷயரின் மலைப்பகுதியில் உள்ள லெட்ஹில்ஸ் ஊரின் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1741ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு படிப்பகத்தை நிறுவினர். உறுப்பினர்கள் பணம் செலுத்தி நடத்திய அந்நூலகம், பிரித்தானியாவின் மிகப் பழைமையான சந்தா நூலகமாகக் கருதப்படுகிறது.

கதவருகே ஒரு சிறுவன்

அப்படிப் பத்து வயதில் இறங்கியவர்களுள் ஒருவர் கெயர் ஹார்டி. 1856இல் லானார்க்ஷயரில் பிறந்தவர். மிகச் சிறு வயதிலேயே வேலைக்குச் சென்றார். கிளாஸ்கோவில் ஒரு ரொட்டிக்கடையில் ஏவலாளாக இருந்தபோது நிகழ்ந்ததை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. கப்பல் கட்டுமிடம் மூடிக்கிடந்ததால் தந்தைக்கு வேலையில்லை. தம்பி காய்ச்சலில் கிடந்தான். தாய் நிறைமாதக் கர்ப்பிணி. வீட்டின் ஒரே வருவாய் அச்சிறுவனின் கூலி. தம்பியை இரவெல்லாம் பார்த்துக்கொண்டதால் இருமுறை சில நிமிடங்கள் தாமதமாகச் சென்றான். முதலாளியின் குடும்பம் காலை உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தபோது, அவனை அங்கே நிற்கவைத்து வேலையிலிருந்து நீக்கினர். அந்த வாரக் கூலியையும் பிடித்துக்கொண்டனர். மழையில் வெறுங்கையோடு வீடு திரும்பினான் சிறுவன். அன்றிரவே தாய்க்குக் குழந்தை பிறந்தது.

பிறகு குடும்பம் சுரங்கப் பகுதிக்கே திரும்பியது. பத்து வயதில் அவருக்குக் கிடைத்த வேலை, நிலத்தடியில் காற்றோட்டக் கதவைத் திறந்து மூடுவது. கரித்தொட்டி வரும்போது கதவைத் திறக்க வேண்டும். கடந்ததும் மூட வேண்டும். உடலுழைப்பு குறைவே. ஆனால், நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் சிறு விளக்கோடு இருளில் தனியே இருக்க வேண்டும். கதவு திறந்தே கிடந்தால் காற்று திசைமாறும், நச்சுவளி தேங்கும். பெரியவர்கள் பலரின் உயிர், தூக்கம் சொக்கும் ஒரு சிறுவனின் கையில் இருந்தது.

பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இல்லாத அவருக்கு எழுத்தறிவித்தவர் தாய். வேலை முடிந்து இரவுப்பள்ளிக்கும் சென்றார். இருளில் கிடைத்த ஓய்வையும் அவர் வீணாக்கவில்லை. பலகைக்கல் ஒன்றை விளக்கின் புகையில் காட்டிக் கரியேற்றி, ஊசிமுனையால் அதன்மீது சுருக்கெழுத்து எழுதிப் பழகினார். கரும்பலகையைத் தாமே செய்துகொண்ட மாணவர் அவர்!

1877 அக்டோபர் 22ஆம் நாள் லானார்க்ஷயரின் பிளான்டயர் ஊரில் சுரங்கம் வெடித்து 207 பேர் மாண்டனர். இறந்தோருள் மிக இளையவனுக்கு 11 வயது. ஸ்காட்லாந்தின் சுரங்க வரலாற்றில் அதுவே மிகப்பெரிய உயிரிழப்பு. துயரம் அத்துடன் முடியவில்லை. கணவரை இழந்தும் சுரங்க வீடுகளை விட்டு வெளியேறாதிருந்த 34 கைம்பெண்கள்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்வேளையில் ஹார்டி 21 வயது இளைஞர்; அதே மாவட்டத்துச் சுரங்கத் தொழிலாளி.

1892இல் அவர் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரானார். இரண்டாண்டுகளுக்குப்பின், 1894 ஜூன் 23ஆம் நாள், அரச குடும்பத்தில் ஓர் இளவரசர் பிறந்தார். அதே நாளில் வேல்ஸ் நாட்டின் சுரங்கமொன்று வெடித்து 290 பேர் இறந்தனர். குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்த அவையில், இறந்தோர் குடும்பங்களுக்கு ஆறுதல் கூறும் தொடரையும் சேர்க்குமாறு ஹார்டி வேண்டினார். அவை மறுத்தது. அவர் எழுந்து தனியொருவராகப் பேசினார்; உறுப்பினர்கள் கூச்சலிட்டு இடைமறித்தனர். அன்று அவர் பேசியது நாகரிகமன்று என்று கருதியோர் பலர். பிளான்டயரின் பக்கத்தில் வாழ்ந்தவரிடம் வேறு எந்த நாகரிகத்தை எதிர்பார்ப்பது? இதே ஹார்டி 1907இல் இந்தியாவுக்கும் வந்து, மக்களின் நிலையைக் கண்டு, இந்தியர்க்குத் தன்னாட்சி வேண்டும் என்று பேசினார்.

பந்தும் படிப்பும்

எல்லா நினைவுகளும் துயரம் தோய்ந்தவை அல்ல. ஏர்ஷயரின் கிளென்பக் ஒரு சுரங்கச் சிற்றூர். அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் தோன்றினர் என்பது வியப்பளிக்கும் செய்தி. லிவர்பூல் அணியின் புகழ்பெற்ற மேலாளர் பில் ஷாங்க்லி 1913இல் அவ்வூரில் பத்துப் பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர். அவரையும் சேர்த்து அக்குடும்பத்தின் ஆண்பிள்ளைகள் ஐவரும் கால்பந்து வீரர்களாயினர். அவரும் 14 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். இரண்டு ஆண்டுகளில் சுரங்கம் மூடியது. ஒருவருக்காக மற்றவர் உழைப்பதே தாம் நம்பும் பொதுவுடைமை என்று அவர் பிற்காலத்தில் கூறியதன் வேர், அந்தச் சிற்றூரில்தான் இருக்கிறது.

ஃபைஃப் பகுதியின் லாக்கெல்லியில் 1904இல் பிறந்த ஜென்னி லீ, சுரங்கத் தொழிலாளியின் மகள். 1926ஆம் ஆண்டு முதலாளிகள் சுரங்கங்களை அடைத்துப் பல மாதங்கள் கூலியின்றித் தொழிலாளரை வாடவிட்டபோது அவர் எடின்பரோவில் பல்கலைக்கழக மாணவி. ஊர்ப்பிள்ளைகள் பொதுச் சமையற்கூடங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் அது. 24 வயதில் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், பின்னாளில் அமைச்சராகித் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாக வழிவகுத்தார். 1969இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், முன்தகுதிச் சான்று கேளாமல் உழைக்கும் மக்களுக்கு உயர்கல்வியைத் திறந்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கமான லாங்கனட் 2002இல் மூடப்பட்டது. பிங் குன்றுகள் பலவற்றில் இப்போது புல்லும் மரமும் படர்ந்துள்ளன. கிளென்பக்கின் வரிசை வீடுகள் இன்று இல்லை. எஞ்சியிருந்த நிலத்தையும் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியெடுத்தது. ஷாங்க்லியின் பெயர் பொறித்த நினைவுக்கல்லைத் தேடி, அவர் வாழ்ந்த வீட்டை ஒருபோதும் கண்டிராத கால்பந்து அன்பர்கள் அங்கே வந்து போகின்றனர்.