பெயரை விட்டு ஊரைப் பிடியுங்கள்

அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிப் போன பாட்டனாரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பெயரை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். தேடல் முட்டி நிற்பதும் அதனால்தான் என்பது என் கருத்து. கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களில் அருணாசலம், அண்ணாமலை, முனுசாமி என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே குடும்பத்திலும் அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவில் 1850 கணக்கெடுப்பிலிருந்தே அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் பதிவானது; அங்கே பெயரைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகலாம். இங்கே 1871 கணக்கெடுப்பு நமக்கு விட்டுச்சென்றது தொகைகளை மட்டுமே.

ஆகவே முதலில் ஊரைப் பிடிக்க வேண்டும். கூடவே, அந்த ஊர் அன்றைக்கு எந்த ஜில்லாவில் இருந்தது என்பதையும். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் பிறந்தது. அதற்கு முன் வடஆற்காடு என்பது பலருக்கும் தெரியும். ஆனால் 1911 வரை திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டில் இருந்தது. அதன் தலைமையிடம் கடலூர். 1880இல் போனவரை வடஆற்காட்டுக் காகிதங்களில் தேடினால் எத்தனை வருஷம் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

நிலமில்லாத கூலிக்காரருக்கு ஏது ஆவணம் என்று கேட்பார்கள். உள்ளூரைப் பொறுத்தவரை நியாயமான கேள்விதான். அடங்கலும் பட்டாவும் ஏழைகளைக் கண்டுகொண்டதில்லை. ஆனால் கடல் கடந்தவர் விஷயம் வேறு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. ஒரு வரியை எடுத்துப் பாருங்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு. ஒப்பந்தத்தை மீறி ஓடினால் பிடித்துவரத்தான் அந்தத் தழும்பைக் குறித்தார்கள். மனிதரைச் சரக்காக எண்ணிய அந்தக் கொடிய கணக்குத்தான் இன்று கொள்ளுப்பேரனின் கைக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் போன பலருக்குப் புகைப்படமே உண்டு.

ஊர்ப் பெயரையும் வெள்ளைக்கார எழுத்தர்கள் சிதைத்திருப்பார்களே என்பது அடுத்த தடை. சிதைத்தார்கள்தான். ஆனால் ஜில்லாவும் தாலுகாவும் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய கிராமங்கள் குறைந்துவிடும். அதோடு, உங்கள் பாட்டனார் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை அவசியம் படியுங்கள். உறவினரும் ஊர்க்காரரும் சேர்ந்து பதிந்திருந்தால் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள்; ஒருவர் வரியில் புரியாத ஊர், பக்கத்து வரியில் புரியும்.

பெரியவர்கள் சொல்வது போதாதா என்றால், அது வேண்டும், ஆனால் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். “தாது வருஷத்துல போனார்” என்றால் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்ச காலம் என்று கொள்ளலாம். அறுபது வருஷம் கழித்து 1936இலும் தாது வந்ததால், சொல்பவர் எத்தனையாவது தலைமுறை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குலதெய்வம் எது என்பதை இதைவிட உறுதியான தடயமாக நான் மதிக்கிறேன். கடல் கடந்த குடும்பம் மொழியை மறந்தாலும் குலதெய்வத்தின் பெயரை வைத்திருக்கும். ஊரில் அதே சாமியைக் கும்பிடும் பங்காளிகள் யார் என்று விசாரித்தால் தேடல் சில வீடுகளுக்குள் சுருங்கிவிடும். ஒரே சாமிக்குப் பல வம்சங்கள் இருக்கலாம் என்பதால் அதையே முடிவாகக் கொள்ளக் கூடாது. அந்தப் பங்காளிகளின் பழைய கிரையப் பத்திரங்களைக் கேட்டுப் படிக்க வேண்டும். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தகப்பன் பெயர் அதில் இருக்கும். சொத்தை விவரிக்கும் இடத்தில் நான்கெல்லையும் பார்த்து, பக்கத்து நிலக்காரர் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் பிரிந்த அண்ணன் தம்பி நிலங்கள் அடுத்தடுத்தே கிடக்கும் என்பதால், கப்பல் பட்டியலிலுள்ள தகப்பன் பெயர் அந்த எல்லை வரியில் அகப்படவும் வாய்ப்புண்டு.