வயிற்றின் மேல் வைக்கும் ஹெட்போன்

கருவுற்ற பெண்களுக்கு ஊரார் வழங்கும் அறிவுரைகளில், குங்குமப்பூப் பாலுக்கு அடுத்த இடத்தை இப்போது ஹெட்போன் பிடித்திருக்கிறது. அதை வயிற்றின் மேல் வைத்து மோட்சார்ட்டின் இசையையோ, இன்ன மாதத்துக்கு இன்ன ராகம் என்று யாரோ வகுத்த பட்டியலின்படி கர்நாடக இசையையோ ஒலிக்கவிட்டால் பிள்ளை கூரிய மூளையோடு பிறக்கும் என்று வாட்ஸ்அப் செய்திகளும் கர்ப்பகால வகுப்புகளின் விளம்பரங்களும் சலிக்காமல் சொல்லிவருகின்றன. படித்தவர்களும் சலிக்காமல் நம்பிவருகின்றனர். குங்குமப்பூ நிறம் தராது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளும் குடும்பங்கள்கூட, ‘ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள்’ என்று யாரேனும் சொல்லிவிட்டால் வாயடைத்துப் போகின்றன. அந்த ஆராய்ச்சி எது என்று கேட்பவர் மிகச் சிலரே.

கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். 1993ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ரௌஷரும் அவருடைய இரு சகாக்களும் மிகச் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அவர்கள் சோதித்தது 36 கல்லூரி மாணவர்களை. மோட்சார்ட் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்ட பிறகும், தளர்வூட்டும் ஒலிநாடாவைக் கேட்ட பிறகும், அமைதியாக அமர்ந்திருந்த பிறகும் அம்மாணவர்களுக்கு இடஞ்சார் அறிவுக்கான வினாக்கள், அதாவது மடித்துக் கத்தரித்த தாளைப் பிரித்தால் அதில் என்ன வடிவம் தெரியும் என்று மனக்கண்ணில் கண்டு சொல்ல வேண்டியவை போன்ற வினாக்கள், தரப்பட்டன. மோட்சார்ட்டைக் கேட்ட பிறகு பெற்ற மதிப்பெண்களை ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு ஈவாக மாற்றிப் பார்த்தபோது அவை எட்டு ஒன்பது புள்ளி கூடியிருந்தன. அந்தக் கூடுதலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை என்று அக்கட்டுரையே சொல்கிறது. கருவில் இருந்த சிசுவோ கைக்குழந்தையோ அந்த ஆய்வில் எங்கும் இல்லை.

இதிலிருந்து 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் செவ்வியல் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கும்படி சட்டமன்றத்தைக் கேட்கும் நிலைக்கு அமெரிக்கா வந்து சேர்ந்தது என்றால், அதற்கு அறிவியலைவிட ஆசையே காரணமாக இருக்க முடியும். அடுத்த ஆண்டே அதே ‘நேச்சர்’ இதழில் கிறிஸ்டோபர் சாப்ரிஸ் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விளைவு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று காட்டினார். 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் சுமார் 40 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,000 பேரையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, மௌனத்தைவிட மோட்சார்ட் சிறிதளவு மேல் என்பதும், வேறெந்த இசையும் ஏறத்தாழ அதே அளவுக்கு மேல் என்பதும் தெளிவாயின. கனடாவில் கிளென் ஷெல்லன்பர்க்கின் குழுவினர் இசைக்குப் பதிலாக ஸ்டீபன் கிங்கின் கதை ஒன்றை ஒலிக்கவிட்டுப் பார்த்ததில், இசையைவிடக் கதையை விரும்பியவர்கள் கதை கேட்ட பிறகே நன்றாகச் செய்தனர். மெதுவான, துயரம் தோய்ந்த இசையைக் கேட்டவர்களுக்கோ எந்தப் பலனும் கிட்டவில்லை. உற்சாகமாக இருப்பவர் சற்று நன்றாகத் தாள் மடிப்பார் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

கருப்பைக்குள் நடப்பதும் ஹெட்போன் விற்பவர் சொல்வதற்கு ஒத்துவருவதில்லை. காக்ளியா எனப்படும், நத்தை ஓடுபோல் சுருண்ட உள்காது உறுப்பு ஏறத்தாழ ஆறாவது மாதத்தில்தான் ஒலியை மூளைக்கு அனுப்பத் தொடங்குகிறது; ஆகவே மூன்றாம் மாதத்துக்கென்று ஒரு ராகத்தை விதிப்பவர், கேட்காத காதுக்குக் கச்சேரி வைக்கிறார். காது திறந்த பிறகும் தாயின் உடற்சுவரைக் கடந்துவரும் வெளியோசையில் உயர் அதிர்வெண்கள் பெருமளவு மழுங்கிவிடுவதால், வீணையை வீணை என்று காட்டும் நுட்பமான மேலிழைகள் உள்ளே போய்ச் சேருவதில்லை. சிசுவுக்கு நன்றாக எட்டும் ஒலி, எலும்பும் தசையும் வழியாக நேரே இறங்கும் தாயின் குரலே. 2013இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரு மழலைப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட சிசுக்களின் மூளை, பிறந்த பிறகும் நான்காம் மாதத்திலும் அந்த மெட்டுக்கு வலுவாகத் துலங்கியதைக் கண்டனர். விளம்பரங்கள் பிடித்துத் தொங்குவது இந்த ஆய்வையும்தான். அது காட்டியதோ நினைவை மட்டுமே, அறிவுக்கூர்மையை அன்று.

உண்மையில் நடப்பது இந்தப் புரளியைவிட வியப்பானது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, முரசொலிக் கோவை ஒன்றில் எடுப்பான அடியை மட்டும் விட்டுவிட்டு ஒலிக்கச் செய்தபோது, எதிர்பார்த்தது வராத திகைப்பு அவற்றின் மூளை அலைகளில் பதிவானதை இஷ்த்வான் விங்க்லரின் குழுவினர் 2009இல் அறிவித்தனர். இவ்வாறு எல்லாத் தாளத்துக்கும் திறந்த மனத்தோடு வரும் மூளை, ஓராண்டுக்குள் தன் வீட்டுத் தாளத்துக்குத் தன்னைச் சுருதி சேர்த்துக்கொள்கிறது. 2005ஆம் ஆண்டை ஒட்டி எரின் ஹேனனும் சாண்ட்ரா டிரெஹப்பும் பால்கன் நாட்டுப்புற இசையின் சமனற்ற தாளங்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். நம் மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கையை மூன்றும் நான்குமாகப் பிரிப்பதைப் போன்ற தாளங்கள் அவை. அத்தாளம் குலைக்கப்பட்டபோது ஆறு மாத வட அமெரிக்கக் குழந்தைகள் உடனே கண்டுகொண்டனர். பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு அது பிடிபடவில்லை. அவர்களுக்கு வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைப் போட்டுக்காட்டியதும் திறன் திரும்பியது, அதே இரண்டு வாரம் பெரியவர்களுக்குப் போதவில்லை. ஒரு மெட்டுக்குள் எந்தச் சுரம் அந்நியம் என்ற உணர்வு மேலைநாட்டுக் குழந்தைகளுக்கு ஐந்து வயதளவிலும், சுரக்கூட்டுகளின் ஒழுங்கு ஏழு வயதளவிலும் பிடிபடுகின்றன. இத்தனையும் விலைக்கு வாங்கிய ஒலிப்பேழை எதுவும் இன்றி, சூழலில் ஒலிப்பதைக் கேட்டே நிகழ்கின்றன.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. இசை வலமூளையின் சொத்து என்பது பாதி உண்மைகூட அன்று. சுருதியின் நுட்பத்தில் வலப்பக்கத்துக்குச் சற்று முன்னுரிமை உண்டெனினும் தாளம், சொல், நினைவு, அசைவு என்று இருபுறமும் சேர்ந்தே உழைக்கின்றன. தனக்குச் சுருதி ஞானமே இல்லை என்று சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறை குரலைக் கையாள்வதில்தான். சுருதி வேறுபாட்டையே உணர முடியாத பிறவிக் குறைபாடு, அண்மைக் கணிப்பின்படி, நூற்றில் ஓரிருவருக்கே உண்டு. பாட்டு வகுப்புக்கு அனுப்பினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்பதற்குக் காட்டப்படும் 2004ஆம் ஆண்டு ஆய்வில், 144 குழந்தைகளிடையே இசை கற்றவர்களுக்குக் கிடைத்த கூடுதல் சராசரியாக மூன்று ஐ.க்யூ. புள்ளிகூட இல்லை, பின்வந்த கறாரான ஆய்வுகள் அதையும் ஐயத்துக்குள்ளாக்கின. ஏழு வயதுக்குள் தொடங்காவிட்டால் கதவு அடைபடும் என்பது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுரம் எதுவும் இன்றிச் சுரத்தின் பெயரைச் சொல்லும் தனித்திறனுக்கே ஓரளவு பொருந்தும். பாடுபவர் தம் குரலுக்கேற்ப ஆதார சட்ஜத்தை வைத்துக்கொள்ளும் கர்நாடக இசைக்கு அத்திறன் தேவையே இல்லை.

பணம் செலவழித்தே தீருவது என்று துடிக்கும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி, குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை நிலையான கேட்புக் குறையுடன் பிறக்கின்றன. பார்வைக்கு எதுவும் தெரியாததால், பேச்சு வரவில்லையே என்ற கவலை எழும் இரண்டு மூன்று வயது வரை அது கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது. அதை முன்பே கண்டறிய உதவும் ஓ.ஏ.இ. எனப்படும் செவிப் பரிசோதனையில், உறங்கும் குழந்தையின் காதில் மென்மையான சிறு முனையைச் செருகி மெல்லிய ‘டிக்’ ஒலிகளை அனுப்புகின்றனர். நலமான உள்காதின் மயிர்ச்செல்கள் அதற்கு விடையாக எழுப்பும் நுண்ணிய எதிரொலியை அதே முனையில் உள்ள மைக் பிடித்துக்கொள்கிறது. சில நிமிடத்தில் முடியும், வலி இல்லை. முதல் முறை எதிரொலி வராவிட்டால் பதற வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் காதில் தங்கும் நீரும் மாவுபோன்ற வெண்படிவும்கூட அதைத் தடுக்கும். மறுமுறையும் வராதபோதே ‘பெரா’ எனப்படும், செவி நரம்பின் மின்துலங்கலை அளக்கும் பரிசோதனை தேவைப்படும். முதல் மாதத்துக்குள் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் கேட்புக் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் கால அட்டவணை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட, தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு வழி உண்டு. ஆனால் ஐந்தாவது வயதில் வந்து நிற்கும் பிள்ளைக்கு அக்கருவி தருவது, ஒரு வயதுப் பிள்ளைக்குத் தருவதைவிடக் குறைவாகவே இருக்கும். பேறு முடிந்து வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சீட்டில் செவிப் பரிசோதனை முடிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையெனில் அது எங்கே, என்றைக்குச் செய்யப்படும் என்பதைக் கேட்டு அதே சீட்டில் எழுதி வாங்குவதும் தகப்பனின் வேலை.